சாமரம்

மொரப்பூர் ரயிலுக்கு இன்னும் நான்கு மணி நேரம்.
தருமபுரியில் வெயில் தலைச்சுமை மாதிரி இறங்கியது.
நிழலுக்காகத்தான் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன்,
முதுகில் பச்சைப் பையோடு.

நடுகற்கள் வரிசையாக நின்றன.
அணிவகுத்து நின்ற பிறகு
கலையச் சொல்ல ஆளில்லாதவர்கள் போல.

மூன்றாவது கல்லில் ஒருவன்.
மார்பில் இரண்டு அம்பு, தொடையில் ஒன்று.
காலடியில் நாய், பின்னால் மாடுகள்.
பழக்கதோஷம், அவன் நிற்கும் விதத்தைப் பார்த்தேன்:
இடதுகால் அதிகம் முன்னே போய்விட்டது,
கேடயம் தாழ்ந்திருக்கிறது,
விலாப்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது.
எங்கள் உஸ்தாத் பார்த்திருந்தால்
மைதானத்தை நான்கு சுற்று ஓடவிட்டிருப்பார்.

அவனுக்கு மேலே இன்னோர் அடுக்கு.
அங்கே செத்தவன் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான்.
இருபுறமும் இரண்டு பெண்கள்
சாமரம் வீசுகிறார்கள்.
எத்தனை நூற்றாண்டோ, கை தாழவில்லை.
பணி மாற்ற யாரும் வரவில்லை.

நேற்று பாப்பாரப்பட்டி டீக்கடையில்
திம்மராயன் மாமா கேட்டார்:
"உன்னை முன்னால அனுப்புவாங்களா,
இல்ல கேட்டுல நிக்க வெக்கிறதோட சரியா?"
கேட்டுலதான் மாமா, என்றேன்.
"அதான் நல்லது" என்று வடையைப் பிட்டார்.
அந்த முகத்தில் இருந்த நிம்மதியிடம்
எனக்குக் கோபப்படத் தெரியவில்லை.
விதைக்கடைக்காரர்தான் விடவில்லை.
"பொம்பளை பிடிபட்டா என்ன ஆகும், தெரியுமா?"
தெரியும்.
அந்தக் கடையில் அதை நினைத்து
தூக்கம் கெட்டவள் நான் ஒருத்திதான்.
பிடிபட்ட ஆணுக்கு என்ன ஆகும் என்று
அவர் கேட்கவே இல்லை.

கேட் என்று நான் சொன்னது ஒரு மலைப்பாதை.
மூங்கில் தடுப்பு, மணல் மூட்டை,
கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி.
பெண்களைச் சோதனையிட நானும் பிங்கி யாதவும்.
என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
போர்ப்பணி - இல்லை.
நவம்பர் பதினொன்று காலையில் வந்த தோட்டாவுக்கு
அந்தப் படிவத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

ஹவில்தார் சுக்ராம் எழுபத்தெட்டு கிலோ.
இருவரும் இழுத்தோம்.
கைகள் அதைச் செய்தன,
நான் கூட இருந்தேன், அவ்வளவுதான்.
பயத்தில் என் உடை நனைந்துவிட்டது.
பிங்கி இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.
பாராட்டுக் கடிதத்தில் எழுதியிருந்தது:
காயமுற்றவரை அப்புறப்படுத்த
உதவினார்.

சாமரம்.

கீழடுக்கில் இடம் வேண்டுமா என்றால்
தெரியவில்லை.
அங்கே மூன்று அம்பு இருக்கிறது.
வேண்டும் என்று கொடி பிடிப்பவர்கள் மேலும்
கூடாது என்று கை ஓங்குபவர்கள் மேலும்
அதில் ஒன்றுகூடத் தைக்கவில்லை.
ஆனால் யார் மேலே, யார் கீழே என்பதை
கல் கொத்தியவன் முடிவு செய்திருக்கிறான்.
சண்டை நடந்தபோது
அவன் அங்கே இல்லை.

காலையில் கிளம்பும்போது அம்மா எதுவும் பேசவில்லை.
கேழ்வரகு மாவைப் பொட்டலம் கட்டிப் பையில் திணித்தாள்.

நான் அவளுக்கு மூன்றாவது பெண்.
பிறந்த அன்றே எனக்கு நெல்மணி எடுத்து வைத்துவிட்டார்கள்.
அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு
மாட்டுக்கொட்டகையில் ஒன்பது ராத்திரி
கண் மூடாமல் உட்கார்ந்திருந்தாளாம்,
கையில் கருக்கரிவாளோடு.
அவள் சொன்னதில்லை. பெரியக்கா சொன்னாள்.
ஏழு வயதில் படலிடுக்கு வழியாகப் பார்த்தவள்.

அரிவாளை எப்படிப் பிடித்திருந்தாள் என்று கேட்டேன்.
"இதென்ன கேள்வி" என்று சிரித்தாள் அக்கா.
பிறகு யோசித்துச் சொன்னாள்:
"தாழ்த்திதான் பிடிச்சிருந்தா.
வர்றவங்க வயித்துக்கு நேரா.
முதுகைச் சுவத்துல ஒட்டி வெச்சிருந்தா."

விலாப்பக்கம் மூடியிருக்கிறது.
சரியான பிடி.

நேரமாச்சும்மா, என்றார் காவலர்.
டவுன் பஸ்ஸில் ஏறி
மொரப்பூர், என்றேன்.
நடத்துனர் முகம் பார்க்காமல்
சீட்டைக் கிழித்துக் கையில் வைத்தார்.

மகளிர். கட்டணம் இல்லை.

மடித்து,
அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டேன்.